நாட்காட்டி வைத்தியம்

மேலைநாட்டு நகரங்களில் வளர்க்கப்படும் வீட்டுநாய்க்குப் பெரும்பாலும் ஓர் அட்டை உண்டு. ஊசி போடப்பட்ட திகதி, மருந்தின் பெயர், வைத்தியரின் கையொப்பம், அடுத்த ஊசிக்குரிய திகதி ஆகியன அதிலே குறிக்கப்பட்டிருக்கும். இந்த அட்டையே நாயின் நிர்ப்பீடனத்துக்குச் சாட்சி என்று அதன் சொந்தக்காரர் நம்புகிறார். சொந்தக்காரர் பயணம் போகும்போது நாயைப் பொறுப்பேற்கும் விடுதிக்காரரும் நம்புகிறார். மிருக வைத்தியருட் பலரும் நம்பியவர் போலவே நடந்துகொள்கின்றனர். ஆனால், குறிப்பிட்ட ஒரு நாளில் ஓர் ஊசி அந்த நாயின் தோலுக்குள் சென்றது என்பதற்கு அப்பால் அட்டை எதற்கும் சாட்சியாகாது. ஊசியின் பயனாக உடலினுள் யாது நிகழ்ந்தது என்பது குருதிக்கே தெரியும். குருதியைக் கேளாது அட்டையைக் கேட்டு, ஆண்டு திரும்பிற்று என்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு மீண்டும் ஊசியேற்றும் வழக்கத்துக்கு நாட்காட்டி வைத்தியம் என்ற பெயர் பொருந்தும்.

குருதியைக் கேட்பதற்கு வழியில்லாமல் இல்லை. நாய்களைத் தாக்கும் வைரசு நோய்களுள் டிஸ்ரெம்பர், பார்வோ, தொற்று ஈரல் அழற்சி ஆகிய மூன்றும் எல்லா நாய்களுக்கும் தடுப்பூசி ஏற்றப்பட வேண்டியவை என உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. இம்மூன்றுக்கும் எதிரான பிறபொருளெதிரிகள் நாயின் குருதியில் உள்ளனவா என்பதை ஆய்வுகூடத்தில் அளந்தறிய முடியும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விடை தரும் சிறு பரிசோதனைப் பெட்டிகளும் வைத்தியர்களின் பாவனைக்கு வந்து பல ஆண்டுகளாகின்றன. வளர்ந்த ஒரு நாயின் குருதியில், முன்னர் ஏற்றப்பட்ட தடுப்பூசியினால் உண்டான பிறபொருளெதிரி காணப்படுமாயின், அந்த நாய் அந்நோயிலிருந்து காக்கப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். ‘பூஸ்டர்’ எனப்படும் ஊக்க ஊசிக்கு அங்கே வேலையில்லை. இவ்வளவு எளிமையான ஒரு வினாவை வினவாமல் ஊசியை எடுப்பது ஏன் என்பதே இங்கு எழுப்பப்படும் பிரச்சினை.

முதலில் ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் தகும். நிர்ப்பீடனம் பன்னிரண்டாம் மாதத்தின் இறுதி நாளில் அற்றுப்போகிறது என எந்த ஆய்வும் நிறுவியதில்லை. தடுப்பூசி உற்பத்தியாளர் தமது மருந்துக்கு அனுமதி பெறுவதற்காக நடத்திய பரிசோதனைகள் குறுகிய காலத்தன. மருந்து அவ்வளவு காலத்துக்குப் பயன்படும் என்று காட்டினாற் போதும். அதற்கு மேல் எவ்வளவு காலம் பயன்படும் என்று தேடும் கடப்பாடு அவர்களுக்கு இருக்கவில்லை. இலாபநோக்கிற் பார்த்தாலும் அத்தேடலுக்குத் தூண்டுதல் இல்லை. இவ்வாறு ‘குறைந்தது ஓராண்டு’ என்று இருக்கவேண்டியது சிட்டையில் ‘ஆண்டுதோறும்’ என்றாயிற்று. சொல் சிறிது மாறியது; அதன்மேல் ஒரு தொழிலே எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மிருக வைத்தியச் சங்கத்தைச் சார்ந்த குழுவொன்று, ஓராண்டு இடைவெளி என்பது பழைய வழக்கத்தினின்றும் பிறந்ததேயன்றி விஞ்ஞானத் தரவுகளினின்றும் பிறந்ததன்று என்பதை 2001 ஆம் ஆண்டளவில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அவ்வாறு ஒப்புக்கொண்ட பின்னரும் வழக்கம் பெருமளவில் நின்றுவிடவில்லை என்பது கவனத்துக்குரியது.

தரவுகள் இல்லாமலும் போகவில்லை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றிய நிர்ப்பீடனவியலாளர் ரொனால்ட் ஷூல்ற்ஸ், 1978 இலேயே பிரெட் ஸ்கொட் என்பவரோடு இணைந்து எழுதிய கட்டுரையில், குட்டிப் பருவத்து ஊசிகளும் ஓராண்டின் பின் ஒன்றும் போடப்பட்டபின் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் எனப் பரிந்துரைத்திருந்தார். பின்வந்த ஆண்டுகளில் அவரும் அவரைச் சார்ந்தோரும் செய்த சோதனைகள் கடுமையானவை. தடுப்பூசி பெற்ற நாய்களை இயற்கைத் தொற்று நெருங்காத இடத்திலே பல்லாண்டு வைத்திருந்து, பின் உயிருள்ள நோய்க்கிருமியையே அவற்றுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. ஏழாண்டுகள் கழிந்த பின்னரும் டிஸ்ரெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி ஆகிய மூன்றையும் அந்நாய்கள் எதிர்த்து நின்றன. (டிஸ்ரெம்பர் ஊசியில் வழங்கும் இருவகை வைரசுகளுள் ஒன்றுக்கு ஐந்தாண்டு வரையே இவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மையாகும்.) 2006 இல் வெளியான அவரது மீளாய்வு இம்முடிவுகளைத் தொகுத்துத் தருகிறது. அமெரிக்க மிருக வைத்தியசாலைச் சங்கம் 2003 இலும், உலகச் சிறுமிருக வைத்தியச் சங்கம் அதன் பின்னரும் வெளியிட்ட வழிகாட்டிகள், இம்மூன்று நோய்களுக்குமான ஊசியை வளர்ந்த நாய்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஏற்றவேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டன. பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது வைத்தியரின் மேசைக்கு வந்துசேர ஒரு தலைமுறை சென்றது. இன்றும் பல மேசைகளுக்கு அது வந்துசேரவில்லை.

விஞ்ஞானத்தை விட்டுப் பொது அறிவைக் கொண்டு நோக்கினும் இவ்வழக்கம் வியப்பையே தரும். டிஸ்ரெம்பரை விளைக்கும் வைரசு, மனிதரிடையே சின்னமுத்தை விளைக்கும் வைரசின் நெருங்கிய உறவினன். சின்னமுத்துக்குக் குழந்தைப் பருவத்தில் இரண்டு ஊசி போட்டபின், அறுபது வயதுவரை ஆண்டுதோறும் வந்து ஊசி போட்டுக்கொள்ளுமாறு எந்த வைத்தியரும் எவரையும் அழைப்பதில்லை. வைத்தியசாலையில் வேலைசெய்வோருக்கு ஈரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி ஏற்றியபின், அது பலித்ததா என்று குருதியைப் பரிசோதித்து அறிவதோ ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. மனிதனிடத்துக் கேட்கப்படும் கேள்வி நாயிடத்து மட்டும் ஏன் வீண்செலவாகத் தோன்ற வேண்டும்?

‘ஒன்று கூடிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?’ என்பதே நாட்காட்டி வைத்தியர்களின் முதலாவது விடை. இவ்விடை ஊசி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை மறந்துவிடுகிறது. மேற்சொன்ன மூன்று நோய்களுக்கும் பெரும்பாலும் வழங்கப்படுவன வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரசுகளாலான ஊசிகள். அந்த வைரசு நாயின் உடலிற் பெருகினாற்றான் உடல் அதனை இனங்கண்டு எதிர்ப்பை வளர்க்கும். குருதியில் ஏற்கெனவே போதிய பிறபொருளெதிரி இருக்குமாயின், உட்புகுந்த வைரசு பெருகுமுன்னரே செயலிழக்கச் செய்யப்படும். எனவே காக்கப்பட்ட நாய்க்குப் போடப்படும் ஊக்க ஊசி எதனையும் ஊக்குவதில்லை. நிறைந்த குடத்தின்மேல் நீர் வார்ப்பது போன்றது அது. குடம் நிறைந்துள்ளதா என்று எட்டிப் பார்க்கும் வழிதான் குருதிப் பரிசோதனை.

பயனில்லாத அவ்வூசி தீங்கற்றதும் அன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1,226,159 நாய்களின் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வொன்று, ஊசி போட்டு மூன்று நாள்களுக்குள் பத்தாயிரம் நாய்களுக்கு ஏறத்தாழ 38 நாய்களில் பாதக விளைவுகள் பதிவானதைக் கண்டது. சிறிய நாய்களிலே இது அதிகம். பத்துக் கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு ஒரே வருகையில் ஏற்றப்படும் ஒவ்வொரு மேலதிக ஊசியும் அவ்வாபத்தை 27 வீதம் கூட்டியது. முகவீக்கம், தடிப்பு, வாந்தி போன்றன இவ்விளைவுகளுட் சில. இத்தொகையைப் பெரிதுபடுத்திப் பீதி கிளப்புவோர் உளர். அவர்களுடைய பேச்சு ஏற்கத்தக்கதன்று. ஆயிரத்துக்கு நான்கு என்பது சிறு தொகைதான். நோயைத் தடுக்கும் ஊசிக்காக அதனைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். எதனையும் தடுக்காத ஊசிக்காக எந்தத் தொகையைப் பொறுத்துக்கொள்வது?

இதனிலும் பாரதூரமான இன்னொரு குறை நாட்காட்டி வைத்தியத்தில் உண்டு. அதனைப் பற்றி அதன் ஆதரவாளர்கள் மட்டுமன்றி எதிர்ப்பாளர்களும் அதிகம் பேசுவதில்லை. தேவையற்ற நாய்க்கு ஊசி போடுவதோடு இவ்வழக்கம் நின்றுவிடுவதில்லை. தேவையுள்ள நாயை இனங்காணாமலும் விட்டுவிடுகிறது.

பிறந்த குட்டி தாயின் சீம்பாலோடு தாயின் பிறபொருளெதிரிகளையும் பெற்றுக்கொள்கிறது. முதல் வாரங்களில் அதனைக் காப்பவை அவையே. அவையே தடுப்பூசிக்கும் பகையாகின்றன. ஊசியிலுள்ள வைரசைத் தாயின் காப்பு அழித்துவிடுவதால், குட்டியின் சொந்தக் காப்பு உருவாவதில்லை. தாயின் காப்பு எப்பொழுது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி, ஒரே ஈற்றிற் பிறந்தவற்றுள்ளேகூட, வேறுபடும். இதனாலேயே குட்டிக்குச் சில வார இடைவெளியில் தொடர்ந்து ஊசிகள் போடப்படுகின்றன; கடைசி ஊசி பதினாறு வாரத்திலோ அதன் பின்னரோ அமையவேண்டும் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துகின்றன. பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்திக்கொண்ட குட்டிகளுட் சில, அட்டை நிறையக் கையொப்பங்களோடும் குருதியில் வெறுமையோடும் உலவுகின்றன. பார்வோ வைரசு தொற்றினால் அவை நீர் போன்ற இரத்தக் கழிச்சலால் நலிந்து மடிகின்றன. ஊசி போட்டும் நாய் செத்ததே என்று சொந்தக்காரர் மருந்தைச் சபிக்கிறார். மருந்தை விடக் குற்றமுடையது, ஊசி பலித்ததா என்று கேளாமை. கடைசி ஊசி போட்டு நான்கு வாரங்களின் பின், அஃதாவது ஏறத்தாழ இருபதாவது வாரத்தில், ஒரு துளி குருதி எடுத்துப் பார்த்திருந்தால் அந்த வெறுமை தெரிந்திருக்கும். இன்னோர் ஊசி அதனைக் காத்திருக்கும்.

எத்தனை ஊசி போட்டாலும் எதிர்ப்பை வளர்க்கும் இயல்பே பரம்பரையாக வாய்க்கப்பெறாத நாய்களும் சில உண்டு. பார்வோவைப் பொறுத்தவரை ஆயிரத்துக்கு ஒன்று, டிஸ்ரெம்பரைப் பொறுத்தவரை ஐயாயிரத்துக்கு ஒன்று என உலகச் சிறுமிருக வைத்தியச் சங்கத்தின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பிடுகிறது. ரொட்வைலர் இனத்தில் பார்வோ ஊசிக்குப் பலியா நாய்கள் முன்னர் அதிகமாகக் காணப்பட்டன. அத்தகைய நாய் ஆண்டுதோறும் ஊசி பெறுகிறது. ஆண்டுதோறும் அட்டையில் கையொப்பம் விழுகிறது. ஆண்டுதோறும் அது காப்பின்றியே வீதியில் நடக்கிறது. நாட்காட்டி அதனைப் பத்தாண்டு பார்த்தாலும் அறியாது. குருதி ஒரே நாளில் அறியும்.

பின்லாந்தில் நிகழ்ந்ததும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. நெடுங்காலம் டிஸ்ரெம்பர் காணப்படாதிருந்த அந்நாட்டில் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் அந்நோய் பெருமளவிற் பரவிற்று. ஊசி போடப்பட்ட நாய்களும் நோயுற்றன. நாய்களின் குருதியை ஆராய்ந்தபோது, சந்தையிலிருந்த தடுப்பூசிகள் பிறபொருளெதிரியை உண்டாக்கும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தமை தெரியவந்தது. அட்டையில் எல்லாம் ஒரே ஊசியாகத்தான் எழுதப்பட்டிருந்தன. எல்லா மருந்தும் சமம், எல்லா உடலும் சமம், எல்லா ஆண்டும் சமம் என்ற எண்ணத்தை நம்பியிருந்ததன் விலை அங்கே நாய்களின் உயிராக அமைந்தது.

பரிசோதனைக்குச் செலவு அதிகம் என்பது அடுத்த தடை. ஊசியிலும் பரிசோதனைக்கு விலை கூட என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் பரிசோதனையையும் ஆண்டுதோறும் செய்யவேண்டும் என்று எவர் சொன்னார்? மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்தாற் போதும். அதற்கும் இயலாதவர், பரிசோதனையின்றியே மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளலாம். அதுவும் இன்றைய வழிகாட்டிகளுக்கு இயைந்ததே.

‘ஊசி இல்லையென்றால் சொந்தக்காரர் நாயை வைத்தியரிடம் கொண்டுவரவே மாட்டார்’ என்று வேறு சிலர் கூறுவர். இக்கூற்றில் உண்மையும் உண்டு, அதனை ஒப்புக்கொள்ளும் துணிவின்மையும் உண்டு. ஆண்டுக்கொருமுறை நாயின் பல், இதயம், நிறை, தோல் ஆகியவற்றை வைத்தியர் பார்ப்பது நன்று. ஆனால் அந்தப் பரிசோதனைக்குரிய கூலியை நேரே கேட்கத் தயங்கி, ஊசியின் பெயரால் அதனைப் பெறுவது வைத்தியத் தொழிலின் மதிப்பை உயர்த்தாது. வைத்தியரின் அறிவுக்கு விலை கொடுக்க மனமில்லாது மருந்துக் குப்பிக்கு மட்டும் விலை கொடுக்கப் பழகிய சமுதாயமும் இக்குற்றத்திற் பங்காளியே. மருந்தைப் பண்டமாக்கிய சந்தை, வைத்தியரை அதன் விற்பனையாளர் ஆக்கிவிட்டது.

லெப்ரோஸ்பைராவின் கதை வேறு. இலங்கையின் வயற்புறங்களில் எலிக்காய்ச்சல் என வழங்கும் நோயை விளைப்பதும் இந்நுண்ணங்கியே. இது வைரசன்று, பற்றீரியா. இதற்கெதிரான ஊசியின் காப்பு ஏறத்தாழ ஓராண்டே நிற்கும். குருதியிலுள்ள பிறபொருளெதிரியின் அளவு காப்பின் அளவைக் காட்டுவதும் இல்லை. ஆகையால் இந்நோய் உலவும் இடங்களில் ஆண்டுதோறும் ஊசி போடுவது நியாயமே; குருதிப் பரிசோதனை இங்கே பயன்படாது. ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? உலர்தூளாக வரும் வைரசுத் தடுப்பூசியை, திரவமாக வரும் லெப்ரோஸ்பைராத் தடுப்பூசியிலே கரைத்து, இரண்டையும் ஒரே ஊசியாக ஏற்றுவது பரவலான வழக்கமாயிருக்கிறது. ஓராண்டு நிற்பதற்காக ஏழாண்டு நிற்பதும் ஆண்டுதோறும் சேர்ந்து உடலுட் செல்கிறது. இரண்டையும் பிரித்து வழங்குவதில் விஞ்ஞானத் தடை யாதும் இல்லை. தனித் திரவம் தனியே கிடைக்கும்போது, இரண்டையும் கலந்தே ஏற்றும் வைத்தியர் தம் கையின் வசதியையே கருதினார் என்று கொள்ளவேண்டியிருக்கும்.

குருதிப் பரிசோதனைக்குப் பகைவர் மட்டுமன்றிப் போலி நண்பரும் உளர். தடுப்பூசி என்றாலே நஞ்சு என்று பிரசாரம் செய்வோர் இப்பரிசோதனையை ஊசியிலிருந்து தப்பும் வழியாக ஏந்திக்கொண்டுள்ளனர். குட்டிக்கு ஊசியே போடாமல் குருதியைப் பார்ப்பதில் அவர்கள் தேடுவது எதனையோ தெரியவில்லை. ஊசியாலோ நோயாலோ தோன்றாத பிறபொருளெதிரி வானத்திலிருந்து விழாது. ஊசி பெற்ற வளர்ந்த நாயின் குருதியில் அளவு குறைந்து காணப்படின், உடலின் ஞாபகக் கலங்கள் காக்கக்கூடும் என்று சொல்லி வாளாவிருப்பதும் தகாது. ஞாபகம் இருக்கக்கூடும், இல்லாமலும் போகக்கூடும். ஐயமுள்ள இடத்தில் ஊசி போடுவதே முறை. கேள்வி கேட்பவன் விடைக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

இப்போலி நண்பர்களின் வாதம் மிகக் கொடியதாகும் இடம் விசர்நோய். ‘பார்வோவுக்குக் குருதியைப் பார்க்கலாம் என்றால் விசருக்கும் பார்த்து, ஊசியை விட்டுவிடலாமே’ என்ற பேச்சு மேலைநாடுகளிற் கேட்கிறது. பார்வோ நாயைக் கொல்லும். விசர் நாயைக் கொன்று மனிதனையும் கொல்லும். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே விசர் ஊசி ஒரு தனி நாயின் நலனோடு முடிவதன்று. சட்டம் அதனை வற்புறுத்துவதும் அதனாலேயே.

இந்நோயைப் பற்றி இலங்கைக்குப் பேசும் உரிமை உண்டு. இங்கு 1893 இலேயே விசர்நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கு ஊசியேற்றும் திட்டத்தாலும் கடியுண்டோருக்கு உடனே கிடைக்கும் சிகிச்சையாலும் 2011 இன் பின் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்குக் கீழே இறங்கிற்று. கட்டாக்காலி நாய்களையும் அரைகுறையாக வளர்க்கப்படும் நாய்களையும் தேடிச்சென்று ஆண்டுதோறும் ஊசியேற்றும் இவ்வியக்கத்தையும் நாட்காட்டி வைத்தியம் என்று இகழலாமா? இகழலாகாது. வீதி நாயின் ஆயுள் குறுகியது. ஊசி பெற்ற நாய் ஓராண்டுக்குள் இறக்கிறது. ஊசி பெறாத குட்டி அதனிடத்திற் பிறக்கிறது. நாய்களுள் எழுபது வீதமானவை ஊசி பெற்றிருந்தாற்றான் நோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊசியேற்றுவோர் ஓராண்டு உறங்கினால் அவ்வீதம் சரிந்துவிடும். ஓராண்டு என்ற கணக்கு ஒரு நாயின் உடலைக் கொண்டு பார்த்தால் பொருளற்றதாகலாம். பிறந்தும் இறந்தும் மாறிக்கொண்டிருக்கும் நாய்க்கூட்டத்தைக் கொண்டு பார்த்தால் அதுவே சரியான கணக்கு. வீதி நாயைப் பிடித்து, குருதி எடுத்து, விடை வரும்வரை வைத்திருந்து, பின் ஊசி போடுவது என்பது அறிவீனம். பிடித்த கையோடு ஊசியும் போட்டு விடுவதே அங்கு விஞ்ஞானம்.

இலங்கையில் வளர்ந்த நாயொன்றை ஐரோப்பிய ஒன்றியத்து நாடொன்றுக்குக் கொண்டுசெல்ல விரும்புபவர் இவ்வேறுபாட்டைத் தம் அனுபவத்திலேயே காண்பார். அந்த நாய்க்கு விசர் ஊசி போடப்படல் வேண்டும். முப்பது நாள்களேனும் கழிந்தபின் குருதி எடுக்கப்படல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடத்திலே பிறபொருளெதிரி மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் உளது எனக் காணப்படல் வேண்டும். குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுத்திருக்கவும் வேண்டும். அந்த நாட்டுச் சுங்க அதிகாரி அட்டையை மட்டும் பார்த்து நாயை உள்ளே விடுவதில்லை. குருதியின் விடையை மட்டும் பார்த்து ஊசியை மன்னிப்பதும் இல்லை.